பெட்டியக்கா படித்த உயிரியல்

இதயத்துக்கு நான்கு அறைகள் என்பதைப் பெட்டியக்கா ஒரு சஃபாரிச் சட்டையை வைத்துத்தான் பிடித்துக்கொண்டாள். வங்கிக் காவலாளியின் சட்டை அது. மேலே இரண்டு பை, கீழே இரண்டு பை. மேலே இருப்பவை ஆரிக்கிள், கீழே இருப்பவை வென்ட்ரிக்கிள். அதுவரைக்கும் சரி. ஆனால் புத்தகப் படத்தில் இடது என்று எழுதியிருப்பது எதற்கு வலது கைப் பக்கம் இருக்கிறது என்பதுதான் விளங்காமல் அவளுக்கு மண்டை காய்ந்துகொண்டிருந்தது. சட்டையை மேசைமேல் மல்லாத்திப் போட்டு முன்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது சட்டென்று புரிந்தது. போட்டிருக்கிறவனுக்கு எது இடதோ அதுதான் இடது. பார்க்கிற நமக்கு இல்லை.

“அடியே பாப்பா, ஓடி வாயேன்! இதயம் மாட்டிக்கிச்சு!”

அவள் போட்ட சத்தத்தில் மாடியிலிருந்த மகள் விழுந்தடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். பக்கத்து ஜெராக்ஸ் கடைத் தம்பி யாருக்கோ மாரடைப்பு என்று நினைத்து ஆம்புலன்ஸுக்கு போன் போட்டேவிட்டான். அப்புறம் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டு வைப்பதற்குள் அவனுக்குத்தான் மாரடைப்பு வரும்போல் ஆகிவிட்டது.

இஸ்திரிப் பெட்டிக்குப் பின்னால் நின்றே காலம் போனதில் வந்த பெயர் பெட்டியக்கா. சொந்தப் பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் கடை. நிமிர்ந்தால் படி தலையில் இடிக்கும் என்பதால் மேசை எங்கே, ஆள் எங்கே என்று எல்லாம் அளவெடுத்து வைத்ததுபோல் இருக்கும். பழைய கம்பளியை நான்காய் மடித்துப் போட்ட மேசை, மூடியில் ஓட்டை போட்ட தண்ணீர்ப் பாட்டில், கனமான மின்சாரப் பெட்டி. அதே படியில் ஏறினால் மேலே வீடு.

துணி எடுத்து வருவதும் கொண்டுபோய்க் கொடுப்பதும் புருஷன் வேலை. சைக்கிளில் போவார். வாடிக்கையாளர் வீட்டு வாசலிலேயே உருப்படி எண்ணி, ஒரு துணியிலேயே சுற்றி முடிச்சுப் போட்டுக் கொண்டுவருவார். அந்த மூட்டையை அவள் மறுபடி எண்ணமாட்டாள். தேய்த்து முடித்து அவள் கட்டுகிற மூட்டையை அவர் பிரித்துப் பார்க்கமாட்டார். கட்டினவர் கட்டினதுதான். மற்ற இஸ்திரிக் கடைகளில் புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கு ஒரு தரம் எண்ணி, ஒரு கைக்குட்டை குறைந்ததற்கு ஊரைக் கூட்டுவார்கள். இந்தக் கடையில் அந்தச் சத்தமே கிடையாது. “எண்ணுனா நம்பலைன்னு அர்த்தம்” என்பாள் பெட்டியக்கா. கல்யாணம் ஆனதிலிருந்து அவர்கள் சேர்ந்து சம்பாதித்ததில் அவள் பெரிதாக நினைத்தது இந்த ஒன்றைத்தான்.

அதனால்தான் மகளைப் பதினொன்றாம் வகுப்பில் சேர்க்க அவரே போனபோது அவள் கூடப் போகவில்லை. பத்தாம் வகுப்பில் மகள் வாங்கியிருந்த மதிப்பெண்ணைப் பார்த்துத் தெருவே வாயைப் பிளந்திருந்தது. உயிரியல் பிரிவுதான் என்பது வீட்டில் என்றைக்கோ முடிவான சங்கதி. முடிவு செய்தவள் பெட்டியக்கா. அன்றைக்கு ஒரு விடுதியின் படுக்கை விரிப்புகள் மலைபோல் குவிந்து கிடந்தன. அவர் திரும்பி வந்து சைக்கிளை ஸ்டாண்டு போட்டதும், “முடிஞ்சுதா?” என்று கேட்டாள்.

“முடிஞ்சுது.”

“உயிரியல்தானே?”

“எல்லாம் பாத்துக்கிட்டேன், நீ வேலையப் பாரு” என்றார் அவர், தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்துகொண்டே.

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. அவர் கட்டின மூட்டை அது.

அவளும் ஒரு காலத்தில் உயிரியல் படித்தவள்தான். சில வாரம். கிராமத்திலிருந்து நடந்து போகவேண்டிய பள்ளிக்கூடம். “நாளைக்குத் தவளை அறுக்கப்போறோம், எல்லாரும் பிளேடு கொண்டுவாங்க” என்று டீச்சர் சொன்னார். அதே நாள் சாயங்காலம் அண்ணன் வந்து ஆபீசில் கையெழுத்துப் போட்டு அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திக் கூட்டிக்கொண்டு போனார். வீட்டில் வேலைக்கு ஆள் இல்லை, அவ்வளவுதான் காரணம். அழக்கூட நேரம் இருக்கவில்லை. தவளைக்குள் என்ன இருந்தது என்று அவள் இன்றுவரை பார்த்ததில்லை. மகள் பிறந்த நாளிலிருந்து அந்தத் தவளைக் கதையைக் கேட்டு வளர்ந்தவள்.

சேர்க்கை முடிந்த கையோடு, விடுமுறையிலேயே பெட்டியக்கா ஜெராக்ஸ் தம்பியிடம் சொல்லிப் பதினொன்றாம் வகுப்பு உயிரியல் புத்தகத்தை முழுசாக நகல் எடுத்து வாங்கினாள். “பள்ளிக்கூடம் தொறக்குறப்ப மத்த பிள்ளைங்க ஆனா ஆவன்னா படிக்கும். நம்ம பிள்ளை பாதிப் புத்தகத்தை முடிச்சிருக்கணும்.” காலையில் மகள் மாடியில் உட்கார்ந்து படிக்கவேண்டும். மத்தியானத்துக்கு மேல், வெயிலுக்குப் பயந்து வாடிக்கையாளர்கள் வராத நேரத்தில், கடைக்கு இறங்கி வந்து ஒப்பிக்கவேண்டும். கேள்வி கேட்கவேண்டுமென்றால் கேட்கிறவளுக்கு விடை தெரியவேண்டுமே. அதனால் அவளும் படித்தாள். தாள்களை மேசைக்கு எதிரே சுவரில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டு, தேய்த்துக்கொண்டே படித்தாள்.

சவ்வூடு பரவல் அவளுக்கு உடனே பிடிபட்டது. துணியில் தண்ணீர் தெளித்துச் சுருட்டி வைத்தால் ஈரம் காய்ந்த பக்கத்துக்குத் தானே நடந்துபோவதை அவள் பார்க்காத நாளா? சிறுகுடல் ஏன் அவ்வளவு நீளம், உள்ளே எதற்கு விரல்போல் இத்தனை நீட்சிகள் என்பதை மடிப்பு வைத்த பாவாடையைக் காட்டிப் புருஷனுக்கே பாடம் எடுத்தாள். “பிரிச்சுப் போட்டா இந்தக் கடை கொள்ளாது. மடிச்சு வச்சா இடுப்புக்குள்ள அடங்கிடும். வயித்துக்குள்ளயும் இதே வேலைதாங்க நடக்குது.”

“அப்ப எனக்குள்ளயும் ஒரு இஸ்திரிக்காரி இருக்கான்னு சொல்லு” என்றார் அவர்.

“இருக்கா. அவளாவது நீங்க சொல்றத கேக்குறாளான்னு பாருங்க.”

சிரித்துவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். இப்போது நினைத்தால், அந்தச் சிரிப்புக்கூட ஒரு நொடி தாமதமாகத்தான் வந்தது.

மகளின் ஒப்பித்தலில் ஒரு குறை சொல்லமுடியாது. படியில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, தெருவைப் பார்த்தபடியே சொல்வாள்.

“சிரையில ஓடுறதெல்லாம் கெட்ட ரத்தம்தானா?”

“இல்லம்மா. நுரையீரல் சிரையில மட்டும் ஆக்சிஜன் ஏறின ரத்தம்.”

“அப்படிப் போடு! இங்கதான் எல்லாப் பிள்ளைகளும் கோட்டை விடும்னு எங்க டீச்சர் அப்பவே சொன்னாங்க. நீ விடலை பாரு. வலது பக்க வால்வுக்கு எத்தனை இதழ்?”

“மூணு. இடது பக்கம் ரெண்டு.”

பெட்டியக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கைதட்டுவாள். தட்டின கையால் மகளின் கன்னத்தைக் கிள்ளுவாள். கிள்ளின இடத்தில் மகள் முகம் சிவக்கும். கூச்சம் என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

பள்ளி திறந்தது. மகள் சீருடையில் போனாள், வந்தாள். “டீச்சர் என்ன நடத்துனாங்க?” என்று கேட்டால், “இப்பத்தானம்மா ஆரம்பிச்சிருக்காங்க” என்றாள். அதற்கு அடுத்த வாரம் திங்கட்கிழமை சாயங்காலம் உயிரியல் டீச்சரே கடை வாசலில் வந்து நின்றார். கையில் கசங்கிய வெள்ளைக் கோட்டு. அவர் வீட்டுத் துணியையும் புருஷன்தான் போய் எடுத்து வருவார். இன்றைக்கு அவசரம் என்பதால் அவரே வந்துவிட்டார்.

“நாளைக்கு லேப் இருக்கும்மா. இந்த ஒண்ணை மட்டும் இப்பவே தேய்ச்சுக் குடுத்துடுங்களேன், நிக்கிறேன்.”

“குடுங்க டீச்சர், உங்களுக்கு இல்லாததா? எப்படி இருக்கா எம் பொண்ணு? கேட்டா பட்டு பட்டுன்னு பதில் சொல்றாளா?”

“உங்க பொண்ணா? என் வகுப்புலயா?”

“என்ன டீச்சர், ரெட்டை ஜடை, நெத்தியில ஒரு தழும்பு.”

டீச்சர் யோசித்தார். “நெத்தியில தழும்பு… அந்தப் பொண்ணா? அவ காமர்ஸ் ஆச்சேம்மா. வராந்தால பார்ப்பேன். என் வகுப்புல இல்லையே.”

“இல்ல டீச்சர், உங்க வகுப்புதான். நல்லா நெனச்சுப் பாருங்க.”

“சேர்க்கிற அன்னிக்கு மேசையில உக்காந்திருந்ததே நான்தாம்மா. உங்க வீட்டுக்காரர்கூட வந்தா. இவ்வளவு மார்க் இருக்கே, உயிரியல் எடுக்கலாமேன்னுகூட கேட்டேன். வேணாம்னு ரெண்டு பேரும் சேர்ந்துதான் சொன்னாங்க. உங்களுக்குத்…” டீச்சர் நிறுத்திக்கொண்டார். தெரியாதா என்ற சொல் அவர் வாயிலேயே நின்றுவிட்டது.

பெட்டியக்கா கோட்டின் காலரைத் தேய்த்தாள். பிறகு தோள். பிறகு கை. ஒரு சுருக்கமும் விடவில்லை. கை அதன்பாட்டுக்கு வேலை செய்தது. காது மட்டும் எங்கோ தண்ணீருக்குள் இருப்பதுபோல் இருந்தது.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் பிரிவு மாத்திக்கலாம்” என்றார் டீச்சர், கோட்டை வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி. “எங்கிட்ட ஒரு இடம் காலியா இருக்கு. அம்மா அப்பா யாராவது ஒருத்தர் வந்து கையெழுத்துப் போட்டாப் போதும். நீங்களே வந்தாலும் சரி.”

டீச்சர் தெருமுனை திரும்பியதும் பெட்டியக்கா ஜெராக்ஸ் கடை வாசலுக்குப் போனாள்.

“தம்பி, உனக்குத் தெரியுமா?”

எது என்று அவன் கேட்கவில்லை. அதுவே பதில். மெஷினின் மூடியைத் திறந்து மூடினான். “அக்கா… அண்ணன் சொல்ல வேணாம்னாரு. பாப்பாவுக்குக் கணக்குப்பதிவியல் புக்கும் நாந்தான் நகல் போட்டுக் குடுத்தேன். காலைல அதைப் படிச்சிட்டு, மத்தியானம் உங்களுக்காக இதைப் படிச்சிருக்கு. பாவம்க்கா அது, ரெண்டு புக்கு.”

“பாவமா? யாரு?”

அவன் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவளுக்கு அப்போது தைத்தது ஒன்றுதான். மகள் ஒரு தரமாவது தப்பாகச் சொல்லியிருந்தால், திணறியிருந்தால், சந்தேகம் வந்திருக்கும். இடது வலது மாறாமல், இதழ் எண்ணிக்கை பிசகாமல் அவள் சொன்ன ஒவ்வொரு சரியான விடையும் அம்மா கண்ணில் தூவிய மண். அதற்குத்தான் இவள் கைதட்டினாள்.

புருஷன் வந்தார். சைக்கிள் கேரியரிலிருந்து மூட்டையை இறக்கி, வழக்கம்போல் மேசைமேல் வைத்தார். மகளும் பையோடு அப்போதுதான் வந்து படியில் கால் வைத்திருந்தாள்.

பெட்டியக்கா முடிச்சை அவிழ்த்தாள்.

அவர் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் ஒரு சட்டையை எடுத்து மேசையின் அந்தப் பக்கம் வைத்து, “ஒண்ணு” என்றாள். அடுத்ததை எடுத்து, “ரெண்டு.” தெருவுக்கே கேட்கிற குரலில் எண்ணினாள். மூன்றாவதை எடுத்தபோது அவர் முகம் செத்துவிட்டது.

“என்னடி பண்ற?”

“எண்ணுறேன். நீங்க கட்டுன மூட்டையில என்னென்ன இருக்கோ, யாரு கண்டா?”

அவருக்கு விளங்கிவிட்டது. மகளுக்கும். அவள் பையை இறக்காமலே நின்றாள்.

“உன் வாய்க்குப் பயந்துதான்…” என்று இழுத்தார் அவர்.

“என் வாய்க்குப் பயந்த மனுஷன், தெனமும் என் மூஞ்சியப் பாத்துச் சாப்பிடப் பயப்படலையா? நான் பாவாடை மடிப்பக் காட்டிக் குடலு குடலுன்னு கத்துறேன், நீங்க நின்னு சிரிக்கிறீங்க. எப்படிங்க முடிஞ்சுது?”

“லீவு முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தோம். அப்புறம் பள்ளிக்கூடம் தொறந்துடுச்சு.”

“அது தானா தொறந்துடுச்சா?”

“அம்மா, அப்பாவத் திட்டாத” என்றாள் மகள். “நாந்தான் கேட்டேன். ரத்தத்தப் பாத்தா எனக்கு வயித்தப் பொரட்டுதும்மா. கை வெட்டுப்பட்டப்ப மயங்கி விழுந்தேனே, உனக்குத் தெரியாதா? எனக்குக் கணக்குப்பதிவியல்தான் புடிச்சிருக்கு.”

“அத எங்கிட்ட சொல்றதுக்கு என்ன கேடு? நான் உன்னைப் பெத்தவதானே?”

“சொல்ல வந்தேன். எப்ப வாயத் தொறந்தாலும் நீ தவளைக் கதைய ஆரம்பிச்சிடுவ.”

பெட்டியக்கா கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். “சரி. அப்ப லீவு பூரா எதுக்குடி வந்து ஒப்பிச்ச?”

மகள் சுவரில் தொங்கின தாள்களைப் பார்த்தாள். பிறகு, “நீ ஆசையா கேட்ட. படிக்கிறப்ப உன் முகமே வேற மாதிரி இருந்துச்சும்மா. இப்படி உன்னை நான் பாத்ததே இல்ல. அதான், உனக்குத் துணைக்கு உக்காந்தேன்.”

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பாள்.

“துணைக்கா? பிள்ளை படிக்குதுன்னு நான் நெனச்சிட்டிருக்கேன். நீ எனக்கு விளையாட்டுக் காட்டியிருக்க. நான் கையத் தட்டியிருக்கேன். அப்பனும் மகளும் மாடியில போய் இதப் பேசிச் சிரிச்சீங்களா?”

“சத்தியமா இல்லம்மா!”

“சிரிச்சிருந்தாக்கூடப் பரவால்ல. பாவம்னு பாத்தீங்க பாரு.” குரல் உடைந்தது. உடைந்ததை அவர்கள் பார்க்கக்கூடாது என்று படிக்கு அடியில் தலை இடிபட மேசைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து மேலே ஏறிப் போய்விட்டாள்.

அந்த வாரம் கடை நடந்தது. பெட்டி சூடேறியது, துணி வந்தது, போனது. ஆனால் அவள் ஒவ்வொரு மூட்டையையும் பிரித்து எண்ணினாள். அவர் எதிரில் நின்று, தலையைக் குனிந்துகொண்டு, எண்ணி முடிகிறவரைக்கும் காத்திருந்தார். எண்ணிக்கை ஒருதரமும் குறையவில்லை. குறைந்திருந்தால் ஒருவேளை சண்டை போட்டு ஆறியிருப்பார்கள். சுவரில் தொங்கின தாள்களை யாரும் எடுக்கவில்லை. வியாழக்கிழமை மகள் மெதுவாக வந்து கேட்டாள்.

“அம்மா, டீச்சர் எங்கிட்டயும் சொன்னாங்க. நாளைக்குள்ள மாத்தலாமாம். மாத்திடுவியா?”

பெட்டியக்கா அடுத்த மூட்டையின் முடிச்சை அவிழ்த்தாள். மாற்றிவிடுவாளா மாட்டாளா என்று அவளுக்கே தெரியாது. கேட்காமல் செய்வது இந்த வீட்டில் செல்லும் என்றால் தனக்கு மட்டும் ஏன் செல்லாது என்று ஒரு மனசு கொதித்தது. ஒரு கையெழுத்து. அவர் போட்டதைவிடச் சின்னதாகக்கூடப் போடலாம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பெட்டியை அணைத்துவிட்டு, நல்ல துணி உடுத்திக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். ஆய்வகம் கீழ்த்தளத்தில் கடைசி அறை. கதவு திறந்தே இருந்தது. பினாயில் மாதிரி ஒரு நெடி. உயரமான மேசைகள், அவற்றைச் சுற்றி ஸ்டூல்கள், குனிந்த தலைகள். ஒரு பிள்ளை நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு, “ஐயோ, நகருது!” என்று கத்தியது. மற்றவர்கள் சிரித்தார்கள்.

டீச்சர் வாசலுக்கு வந்தார். அவள் தேய்த்துக் கொடுத்த கோட்டுதான். “வாங்கம்மா. ஆபீசுக்குப் போலாமா?”

“காலி இடம்னீங்களே, எது டீச்சர்?”

டீச்சர் ஜன்னலோரத்து ஸ்டூலைக் காட்டினார். நல்ல வெளிச்சம் விழுகிற இடம். பெட்டியக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அதில் மகளை உட்காரவைத்துப் பார்த்தாள். வெளுத்த முகத்தோடு, வாயைப் பொத்திக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்க்கிற மகள்தான் தெரிந்தாள். கையில் பிளேடு வைத்திருக்கிற இன்னொருத்தியை உட்காரவைத்துப் பார்த்தாள். அவள் நகரவே மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இங்கே யாரும் கையெழுத்துப் போடமுடியாது.

“அவ அங்கயே இருக்கட்டும் டீச்சர்.”

டீச்சருக்கு முகம் மலர்ந்தது. “நல்ல மனசும்மா உங்களுக்கு. மன்னிச்சிட்டீங்க.”

“அதெல்லாம் இல்ல டீச்சர்” என்றாள் பெட்டியக்கா. “அவளுக்குப் புடிக்கல, படிக்க வேணாம். அது வேற. இது வேற.”

திரும்பி வரும்போது வராந்தாவில் காமர்ஸ் வகுப்பு ஜன்னலைத் தாண்டித்தான் வரவேண்டியிருந்தது. உள்ளே பார்க்கவில்லை. உள்ளேயிருந்து ஒரு ஜோடிக் கண் தன் பின்னாலேயே வந்ததை முதுகு சொன்னது.

சாயங்காலம் மகள் ஓடியே வந்தாள். பள்ளி முடிகிறவரைக்கும் ஆபீசிலிருந்து கூப்பிடுவார்கள், கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்திருந்தவளை யாரும் கூப்பிடவில்லை. கடைக்குள் நுழைந்ததும் பையைத் தூக்கி எறிந்துவிட்டு அம்மாவைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள்.

“மாத்தலையா? அம்மா, நெசமாவே மாத்தலையா?”

“இல்ல.”

மகள் அழுதாள். முதுகில் ஈரம் இறங்கியது. “அம்மா, இனிமே எல்லாமே உங்கிட்டதான் மொதல்ல சொல்லுவேன். நாளைலேருந்து கணக்குப்பதிவியல் ஒப்பிக்கிறேன், நீ கேள்வி கேளு. ஜெராக்ஸ் அண்ணன்கிட்ட சொல்லி உனக்கும் ஒண்ணு போட்டு…”

“வேணாம் பாப்பா.”

“ஏம்மா?”

“நீ சொல்றது சரியா தப்பான்னு கண்டுபிடிக்க இனிமே எனக்குத் தெம்பு இல்ல.”

மகளின் கை இடுப்பில் அப்படியே இருந்தது. பிடியும் தளரவில்லை, இறுகவும் இல்லை. பெட்டியக்கா அடுத்த சட்டையை எடுத்து உதறி விரித்தாள்.

“தள்ளி நில்லு” என்றாள். “பெட்டி சூடா இருக்கு.”